பிடித்த துணி பிழை காட்டும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஆசைப்பட்டு வாங்கிய டிசைனர் துணியில் தையல் கோணினால் கை முதலில் போவது மெஷினில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்கு. திருப்பிப் பார்த்தும் சரியாகாவிட்டால் நூலை மாற்றுவோம், அடுத்து மெக்கானிக்கை அழைப்போம். இத்தகைய துணிகளைப் பொறுத்தவரை இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழ். மெஷினைத் தொடுவதற்கு முன் துணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வடிவம் இதன்மேல் எப்படி ஏறியது? இயந்திர அச்சிலா, கையால் பதித்த மரக்கட்டையிலா, தறியில் நெய்யும்போதேவா? கூடவே, நெசவு எவ்வளவு நெருக்கம் என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிழைகளுக்கு வழி அந்த விடைகளில் இருக்கிறது.

மூன்று துணிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒன்று, லண்டன் லிபர்ட்டி கடையின் டானா லான். 1930-களில் தொடங்கி இன்றும் அச்சாகும் மிக மெல்லிய, மிக நெருக்கமான பருத்தி. இரண்டு, ஃபின்லாந்தின் மரிமெக்கோ நிறுவனம் அச்சிடும் கனத்த பருத்தி. மையா இசோலா 1964-இல் வரைந்த ‘உனிக்கோ’ பாப்பிப் பூக்கள் அதன் அடையாளம். மூன்று, குஜராத்தின் கட்ச் பகுதியில் அஜ்ரக்பூரின் கத்ரி குடும்பங்கள் மரக்கட்டையால் அச்சிட்டு அவுரியில் தோய்க்கும் அஜ்ரக். உங்கள் கையில் இருப்பது வேறு துணியாக இருந்தாலும் இவற்றில் ஒன்றின் குணம் அதற்கு இருக்கும்.

தையல் நெடுக துணி சுருங்கி அலை அலையாக நிற்கிறது

மெல்லிய லான் துணியில் அடிக்கடி வரும் தொல்லை இது. சட்டையின் பக்கத் தையலிலும் பாவாடையின் நீளத் தையலிலும் நன்றாகத் தெரியும். காரணங்கள் பல, மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால் முதலில் ஒரு சோதனை.

மிச்சத் துண்டில் இரண்டு அடுக்கு வைத்து, பாவு நூல் ஓடும் நீளவாட்டில் ஒரு முழம் தையுங்கள். சுருங்கிய இடத்தில் மேல் நூலையும் அடியில் ஓடும் பாபின் நூலையும் இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை நுனிக்கத்தரியால் வெட்டிவிடுங்கள். துணி உடனே தளர்ந்து படிந்தால் குற்றம் நூலின் இறுக்கத்தில் இருக்கிறது. மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தளர்த்தியும் தீரவில்லை என்றால் பாபினைப் பாருங்கள். பாலியெஸ்டர் நூலை மோட்டார் வேகத்தில் சுற்றினால் அது இழுபட்ட நிலையிலேயே பாபினில் ஏறும். தைத்து முடித்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பி, துணியையும் கூடவே இழுக்கும். தைத்த அன்று ஒழுங்காக இருந்த தையல் முதல் சலவைக்குப் பின் சுருங்குவதற்கும் இது ஒரு காரணம். பாபினை மெதுவாகச் சுற்றுங்கள்.

நூலை வெட்டிய பிறகும் அலை அப்படியே நின்றால் துணிக்குள் இடம் இல்லை என்று பொருள். லான் நெசவில் இழைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தடித்த ஊசியும் தடித்த நூலும் நடுவில் புகுந்தால் அவை விலகிப் போக இடமின்றி மேலெழும்பும். டென்ஷனை எவ்வளவு திருப்பினாலும் இது தீராது. பொதுவாக மெஷினில் மாட்டியிருக்கும் 14-ஆம் எண் ஊசியைக் கழற்றிவிட்டு 9 அல்லது 11 போடுங்கள். நூலையும் மெல்லியதாக மாற்றுங்கள். தைக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கு முன்னும் பின்னும் துணியை இரு கையாலும் லேசாக விறைப்பாகப் பிடியுங்கள். பின்பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளையும். காகித மாதிரி வெட்டும் கட்டத்திலேயே பக்கத் தையலைச் சற்றுச் சாய்வாக, கீழே விரியும்படி அமைத்தால் இன்னும் நல்லது. நேர் பாவு வாட்டில்தான் இந்தச் சுருக்கம் அதிகம், சாய்வில் குறையும்.

மூன்றாவது வகையும் உண்டு. தைத்து முடிக்கும்போது மேல் துணி கீழ்த் துணியைவிட நீண்டு நிற்கும். பாதத்துக்குக் கீழே உள்ள பற்கள் கீழ் அடுக்கை வேகமாக இழுத்துக்கொள்கின்றன, பாதம் மேல் அடுக்கைத் தடுக்கிறது. பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். அந்த வசதி இல்லாத மெஷினில் குண்டூசிக்குப் பதிலாகக் கையால் ஓட்டுத் தையல் போட்டுவிட்டுத் தையுங்கள்.

தையலின் பக்கத்தில் இழுபட்ட கோடு, பிரித்த இடத்தில் துளை

ஊசி முனை மழுங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தின்மேல் லேசாக இழுத்தால் சொரசொரப்பு தெரியும். லான் துணியில் புது வேலை தொடங்கும்போதெல்லாம் புது ஊசி போடுங்கள். துணியின் விலையோடு ஒப்பிட்டால் ஊசியின் விலை ஒரு பொருட்டே இல்லை. பிரித்ததால் விழுந்த துளைகள், நீர் தெளித்து விரல் நகத்தால் இரு திசையிலும் தேய்த்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அறுந்துபோன இழையை மட்டும் மீட்க முடியாது.

தொடக்கத்திலேயே துணியை மெஷின் விழுங்குகிறது

ஜிக்ஜாக் மெஷினின் ஊசித் தட்டில் துளை அகலமாக இருப்பதால் மெல்லிய துணி உள்ளே போய்விடுகிறது. ஒரு காடாத் துண்டில் தையலைத் தொடங்கி, நிறுத்தாமல் அப்படியே நல்ல துணிக்குள் ஓட்டுங்கள். நேர்த்தையல் தட்டு கிடைத்தால் மாட்டுங்கள்.

முன்பக்கப் பறவை நிமிர்ந்திருக்கிறது, பின்பக்கப் பறவை தலைகீழாகத் தொங்குகிறது

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1883-இல் வரைந்த ஸ்ட்ராபெரி திருடன் வடிவத்தை லிபர்ட்டி லான் துணியிலும் அச்சிடுகிறது. அதில் பறவைகளுக்குத் தலை மேலே, கால் கீழே. தோள் தையல் இல்லாமல் துணியை மடித்து வெட்டும் குர்தாவோ கஃப்தானோ இதில் தைத்தால் ஒரு பக்கம் தலைகீழாகத்தான் வரும். தோளில் ஒரு தையல் கொடுப்பதைத் தவிர வழியில்லை. ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? தோள் கோட்டில் வெட்டி, பின்பக்கத்துக்குப் புதிய துண்டு எடுங்கள். துணி போதாது என்றால் பின் தோள்பட்டைக்கு, அதே நிறக் குடும்பத்தில் ஒரு வெற்றுத் துணி போடுங்கள். வேண்டுமென்றே செய்ததுபோல் அழகாகவே இருக்கும்.

புதிதாக வாங்கும் எந்த வடிவத்தையும் கடையிலேயே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இலை, கிளை, தண்டு இருந்தால் பெரும்பாலும் மேல் கீழ் உண்டு. அப்படியானால் மாதிரித் துண்டுகளை எதிரும் புதிருமாக அடுக்கித் துணியை மிச்சப்படுத்த முடியாது. அதற்கும் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டு அகலம் இணைத்த இடத்தில் வடிவம் சேரவில்லை

திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெரிய பூ போட்ட துணி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் வரும் பிரச்சினை. தைக்கும்போது தெரிந்தாலும் இது பிறப்பது வாங்கும்போது.

ஒரு வடிவம் தொடங்கி முழுதாக முடிந்து, அதே வடிவம் மறுபடி தொடங்கும் வரை உள்ள நீளத்தை ரிப்பீட் என்பார்கள். கணக்கு அதை வைத்துத்தான் போட வேண்டும். முடிந்த திரையின் உயரம் 210 செ.மீ., மேல் கீழ் மடிப்புக்கு 25 என்றால் ஒரு துண்டுக்கு 235. நான்கு துண்டுகளுக்கு 9.4 மீட்டர் போதும் என்று தோன்றும். ரிப்பீட் 90 செ.மீ. என்றால் ஒவ்வொரு துண்டையும் அதன் மடங்காக, அதாவது 270-ஆக எடுத்தால்தான் எல்லாத் துண்டுகளும் ஒரே பூவில் தொடங்கும். 10.8 மீட்டர் ஆகிவிட்டது. பூ திரையின் உச்சியில் பாதியாக வெட்டுப்படாமல் விரும்பிய இடத்தில் அமைய வேண்டும் என்றால் இன்னும் ஒரு ரிப்பீட் சேர்த்து 11.7. ரிப்பீட் 60 ஆக இருந்தால் துண்டுக்கு 240 போதும், வீணாவது ஐந்து செ.மீ. மட்டும். ஆகவே வடிவத்தைப் பார்த்து மயங்கும்போதே அளவு நாடாவையும் எடுங்கள்.

பக்கவாட்டு இணைப்புக்கு இன்னொரு சோதனை தேவை. ஒரு துண்டின் இடது கரையையும் மற்றொன்றின் வலது கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வடிவங்களில் பக்கத்துத் துண்டு பாதி ரிப்பீட் இறங்கினால்தான் பூவின் மறுபாதி கிடைக்கும். அதற்கும் கூடுதல் துணி வேண்டும். மரிமெக்கோ துணியின் கரையில் வடிவத்தின் பெயரும் வரைந்தவர் பெயரும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அழகான கரை அது. வெட்டிய பிறகும் பத்திரப்படுத்துங்கள். தையலுக்குள் மட்டும் அதை விட வேண்டாம். கரை மற்ற இடத்தைவிட இறுக்கமானது. துவைத்ததும் சுருங்கித் திரையின் ஓரத்தை மேலே இழுக்கும்.

துணி போதுமான அளவு இருந்தும் தைத்தால் வடிவம் நழுவுகிறது என்றால் பொருத்திய இடம் தவறு. வெட்டு விளிம்பில் பூவும் பூவும் சேர்ந்து என்ன பயன்? தையல் ஓடும் கோட்டில் சேர வேண்டும். ஒரு துண்டின் விளிம்பைத் தையல் கோட்டில் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். மடித்த விளிம்பை அடுத்த துண்டின்மேல் நல்ல பக்கம் தெரிய வைத்து, பூவைப் பொருத்திக் குண்டூசி குத்துங்கள். நல்ல பக்கத்திலிருந்தே மடிப்புக்குள் ஒரு தையல், கீழ்த் துணியில் ஒரு தையல் என்று ஏணிபோல் கைத்தையல் ஓட்டுங்கள். பிறகு துணியைத் திறந்தால் இரண்டும் நல்ல பக்கம் உள்ளே பார்த்தபடி சேர்ந்திருக்கும். இஸ்திரி மடிப்பின் மேலேயே மெஷினை ஓட்டலாம். நேரம் எடுக்கும் வேலை, ஆனால் பெரிய பூவுக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அஜ்ரக்கிலும் மரக்கட்டையால் அச்சிடும் கலம்காரியிலும் இந்தத் துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள். கட்டையைக் கண்ணால் பார்த்துக் கையால் பதிக்கிறார்கள். மீட்டருக்கு மீட்டர் மயிரிழை மாறும்; அந்த மாற்றத்துக்காகத்தானே அதை விரும்பி வாங்கினோம். உடுப்பில் மார்பு மட்டத்திலும் திரையில் கண் மட்டத்திலும் பொருத்திவிட்டு, மேலும் கீழும் விலகுவதை விட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பொருத்த முயன்று இழுத்தால் துணி கோணி, விலகல் இன்னும் பளிச்சென்று தெரியும்.

நேராக வெட்டியும் வடிவம் சாய்ந்திருக்கிறது

அச்சிடும்போது துணி கோணலாக ஓடினால் பூ வரிசை ஒரு பக்கம், குறுக்கு இழையான ஊடை இன்னொரு பக்கம் போகும். வெட்டுவதற்கு முன் ஓரத்தில் சின்ன வெட்டுக் கொடுத்து ஓர் ஊடை இழையை உருவுங்கள். இழை போன வழிக்கும் பூ வரிசைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அடுத்து, பூ வரிசை கரைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்றும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

வரிசை கரைக்குச் செங்குத்தாக இருந்து, ஊடை மட்டும் சாய்ந்திருந்தால் வீட்டுச் சாமான்களுக்குக் கவலை இல்லை. அச்சைப் பின்பற்றி வெட்டுங்கள். பாவு நேராகத் தொங்குவதால் திரை ஒழுங்காகவே விழும். வரிசையே கரையை விட்டு விலகிக்கொண்டு போனால் திரையின் ஒரு ஓரத்தில் பூ முழுதாகவும் மறு ஓரத்தில் அரையாகவும் முடியும். இதற்கு மருந்து இல்லை. வெட்டாமல் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். கத்தரி பட்ட துணியைப் பெரும்பாலான கடைகள் வாங்காது.

உடுப்புக்கு விதி வேறு. அச்சை விட்டுவிட்டுப் பாவு வாட்டத்தைப் பின்பற்றுங்கள். பாவு சாய்ந்த பாவாடையும் கால்சட்டையும் சலவைக்குப் பின் உடம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். சின்னப் பூவில் அச்சின் சாய்வு யார் கண்ணிலும் படாது. அச்சிட்ட கோடு, கட்டம் இரண்டிலும் அது மறையாது; அவற்றைக் கரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். போச்சம்பள்ளி இக்கத் போல நெசவிலேயே வடிவம் பிறந்த துணியில் இந்தத் தொல்லை கிடையாது. இழை எங்கே போகிறதோ வடிவமும் அங்கேதான் போகும்.

சாயம் போகிறது

நீரில் கரைகிறதா, உரசினால் ஒட்டுகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியைப் புதுத் துணியின் ஓரத்தில் அழுத்தி வையுங்கள். இன்னொரு காய்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள்.

காய்ந்த துணியில் நீலம் ஏறினால் அது அவுரி. அவுரி இழையின் மேற்புறத்தில் படிந்து நிற்கும் சாயம். புதிதில் உரசினால் உதிரும். சாயம் தரமற்றது என்று முடிவு செய்யாதீர்கள். தனியாக, குளிர்ந்த நீரில், நீர் தெளியும்வரை அலசுங்கள். அதன் பிறகும் அஜ்ரக் உடுப்புக்கு வெள்ளைக் காலரோ வெள்ளைப் பைப்பிங்கோ வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெளிர் நிற சோபாவின்மேல் அஜ்ரக் குஷனும் வேண்டாம்.

உப்பும் வினிகரும் சாயத்தை நிறுத்தும் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு உண்டு. ஈரத் துணியில் நிறம் ஏறினால் நீரில் கரைவது மிஞ்சிய சாயம். ஆலையில் அச்சிட்ட பருத்தியில் அந்தச் சாயத்தை இரண்டுமே நிலைநிறுத்தாது. அலசி வெளியேற்றத்தான் வேண்டும். அஜ்ரக்கில் வினிகர் கெடுதலும் செய்யும். அதன் கறுப்பு, இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் கறுப்பு. புளிப்பில் ஊறினால் வெளிறும். எலுமிச்சைக்கும் இது பொருந்தும்.

சிவப்போ நீலமோ வெள்ளைப் பகுதிக்கு ஏறிவிட்டதா? உலரவிடாதீர்கள், வெயில் படவிடாதீர்கள். நிறைய நீரில் சோப்புத்தூள் கரைத்து, துணி தாராளமாக மிதக்கும்படி ஊறவைத்து மறுபடி அலசுங்கள். ஆலை அச்சுக்கு வெந்நீர் உதவும். அஜ்ரக்குக்குச் சாதாரண நீர் மட்டும். ஈரத் துணியை மடித்துப் போடுவதுதான் கறை ஏறப் பெரிய காரணம். நம் ஊர் மழைக்காலத்தில் கொடியில் இடமில்லை என்று வாளியில் விட்டுவிடுவோம். அந்தச் சில மணி நேரம் போதும்.

முதல் சலவைக்குப் பின் உள்ளே லைனிங் தொங்குகிறது, வெளியே துணி ஏறிவிட்டது

வெளித்துணி சுருங்கியது, லைனிங் சுருங்கவில்லை. எதிர்ப்புறமாகவும் நடக்கும், மலிவான பருத்தி லைனிங் அதிகமாகவே சுருங்கும். வெட்டுவதற்கு முன் இரண்டையும், பின்னாளில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து உலர்த்துங்கள். முழுத் துணியை நனைக்கத் தயக்கம் இருந்தால் 50 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டித் துவைத்து அளந்து பாருங்கள். 2 செ.மீ. குறைந்தால் நூற்றுக்கு 4, 210 செ.மீ. திரையில் அது எட்டு செ.மீ.க்கு மேல், ஜன்னல் விளிம்பு தெரிந்துவிடும். தைத்து முடித்த உடுப்பில் நடந்திருந்தால், லைனிங்கின் கீழ் மடிப்பைப் பிரித்து ஏற்றிவிட்டு, இனிமேல் வெளித்துணியோடு சேர்த்துத் தைக்காமல் தனியாகத் தொங்கவிடுங்கள்.

காலரில் கொப்புளம், அல்லது புள்ளி புள்ளியாகப் பசை

கொப்புளம் என்றால், காலரை விறைப்பாக்க உள்ளே இஸ்திரியால் ஒட்டும் கேன்வாஸ் பிற்பாடு சுருங்கியது, அல்லது ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தீர்கள். பெட்டியை ஓரிடத்தில் வைத்து 10 முதல் 12 வினாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறும்வரை துணியை அசைக்கக் கூடாது. பசைப் புள்ளி தெரிந்தால் துணி அந்தக் கேன்வாஸுக்கு மிக மெல்லியது. லான் காலருக்கு ஒட்டும் வகையையே விட்டுவிடுங்கள். ஆர்கண்டித் துணியையோ அதே லானின் இன்னோர் அடுக்கையோ உள்ளே வைத்துத் தையுங்கள்.

ஃபிராக் பெட்டி மாதிரி விறைத்து நிற்கிறது

ஒட்டு விரிப்புகளுக்கென்று (குவில்ட்) அச்சாகும் சுமார் 110 செ.மீ. அகலப் பருத்தியில் உலகின் அழகான வடிவங்கள் பல வருகின்றன. அந்தத் துணி மடிந்து விழாது. இடுப்பில் நெருக்கமாகச் சுருக்கினால் வெளியே துருத்தும். சுருக்கைப் பிரித்து, தட்டையான பிளீட்டாக மாற்றி, மேலிருந்து ஒரு சாண் வரை தைத்துப் படியவையுங்கள். இன்னும் வெட்டவில்லை என்றால் ஏ வடிவப் பாவாடை, பை, குழந்தைச் சட்டை என்று அதன் விறைப்பு உதவும் வேலைக்கு எடுங்கள். வழுவழுவென்று விழும் உடுப்பு வேண்டுமானால் அந்த ஆசைக்கு லான் வாங்குங்கள்.

குஷன் மூலைகள் காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன

சரியான செங்கோணமாகத் தைத்தால் மூலைக்குப் பஞ்சு போய்ச் சேராது. ஒவ்வொரு மூலையிலிருந்தும் பத்து செ.மீ. தள்ளித் தொடங்கி, மூலைக்கு வரும்போது ஒரு செ.மீ. உள்ளே வரும்படி கோட்டைச் சாய்த்து வரைந்து தையுங்கள். முடிந்த உறை, உள்ளே போகும் தலையணையைவிட இரண்டு செ.மீ. சிறியதாக இருக்கட்டும், கனத்த பருத்தி அப்போதுதான் விறைப்பாக நின்று பூவைக் காட்டும். பெரிய பூவாக இருந்தால் நடு மையத்தைச் சாக்பீஸ் புள்ளியால் குறித்துக்கொண்டு அங்கிருந்து நான்கு புறமும் அளந்து வெட்டுங்கள். ஜிப் கீழ் விளிம்பில் வரட்டும். மற்ற மூன்று பக்கத்தைத் தைப்பதற்கு முன்பே அதைத் தைத்துவிட்டு, பாதி திறந்து வையுங்கள். மூடி வைத்தால் உறையை நல்ல பக்கம் வெளியே வரும்படி புரட்ட வழி இருக்காது.